மீசைக்கு என்ன வேலை?

“தறி மிதிய அழுத்தினா நீளவாட்டுப் பாவு நூல் ரெண்டா பிரியும். நடுவுல குறுக்கு நூல் இருக்கற நாடாவ ஓட்டு. அப்புறம் அடிச்சு நெருக்கு. அவ்ளோதான். இதுல மீசைக்கு என்ன வேலை?”

உண்ணாமலை டீச்சர் கேட்டதும் எட்டாம் வகுப்புப் பெண்கள் சிரித்தார்கள். ஆரணிப் பக்கத்து நெசவாளர் பிள்ளைகள் அவர்கள். வீட்டில் பெண்கள் நூல் சுற்றுவதோடு சரி. தறியில் உட்காருவது ஆண்கள்தான். அந்த வழக்கத்தை உடைக்கத்தான், 1979இல், டீச்சர் போராடிப் பள்ளிக்கு ஒரு தறி வாங்கியிருந்தார்.

முதலில் தேறியவள் தெய்வநாயகி. கரை கோணாமல் நெய்தாள்.

ஒருநாள் அவள் அப்பா மாணிக்கவேல் பள்ளிக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று டீச்சர் முந்திக்கொண்டார்.

“பொண்ணு தறியில உக்காந்தா குடும்பம் ஒண்ணும் கெட்டுடாதுங்க.”

“அதத்தாங்க நானும் சொல்றேன்! வீட்டுத் தறியில உக்கார வச்சிப் பாத்தேன். எம் பையனவிட நல்லா நெய்யறா. தெருவுல பேஜார் பண்ணாங்க. ஆம்பள என்ன, பொம்பள என்னன்னு கேட்டு வாய அடைச்சிட்டேன்.”

டீச்சருக்கு நெஞ்சு நிறைந்தது. “நல்லா கேட்டீங்க! இன்னைக்கு ஏன் அவ வரல?”

“நெய்துகினு இருக்கா டீச்சர். இனிமே வரமாட்டா.”

மாணிக்கவேல் வெளியே நின்ற மகனை உள்ளே அழைத்தார்.

“தறிக்கு ஆள் இல்லாம இவன ஏழாவதோட நிறுத்திட்டேன். உங்க புண்ணியத்துல இப்ப ஆள் கெடச்சிடுச்சி. அவ பேர அடிச்சிட்டு, இவன் பேர எழுதிக்கோங்க.”