பாதிப் படம்

திரையில் புயல் ஓய்ந்திருந்தது. கடலுக்குப் போன கணவனைத் தேடிக் கதாநாயகி கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து, நடுவில் உட்கார்ந்திருந்த வீராம்பட்டினத்துக்காரர்கள் மொத்தமாக எழுந்தார்கள்.

இளம்பரிதிக்குத் திக்கென்றது.

யாரோ பாத்ரூமுக்குப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். பாத்ரூமுக்கு ஊரே சேர்ந்தா போகும்? ஆணும் பெண்ணுமாக, குனிந்த தலை நிமிராமல், ஒருவர் பின் ஒருவராக வாசலைப் பார்த்து நடந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் போனவள் சொர்ணம்.

சொர்ணம் மீன் விற்பவள். அந்த ஊரில் ஷூட்டிங் நடந்த நாளெல்லாம் இளம்பரிதியும் அவன் ஆட்களும் சாப்பிட்டது அவள் வீட்டு மீன்குழம்புதான். அந்த ஊர் மீனவர்களின் கதையைத்தான் அவன் படமாக எடுத்திருந்தான். பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு எடுத்த முதல் படம். டவுனில் இந்தச் சின்ன அரங்கத்தைப் பிடிப்பதற்குள்ளேயே நாக்கு தள்ளிவிட்டது. இன்றைக்குத்தான் முதல் காட்சி. ஊர்க்காரர்களுக்கு அவனே பாஸ் கொடுத்து வரச் சொல்லியிருந்தான்.

பக்கத்தில் இருந்த இராமதாஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்திருந்தவர், படவிழாவுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர். அவர் தலையசைத்தால்தான் இந்தப் படம் புதுச்சேரியைத் தாண்டும்.

"என்னங்க இது, அந்த ஊர்க்காரங்களே எழுந்து போறாங்க?"

"தெரியல சார்."

"அவங்களுக்கே பிடிக்கலையோ?"

இளம்பரிதி எழுந்து இருட்டில் தடுமாறி, யார் காலையோ மிதித்து, வெளியே ஓடினான்.

வராந்தாவில் சொர்ணத்தைப் பிடித்துவிட்டான்.

"நில்லுங்கக்கா!"

"சத்தம் போடாத தம்பி. உள்ள படம் ஓடுது."

"ஓடுற படத்துலேர்ந்து எழுந்து வந்துட்டு, இப்ப இன்னா அக்கறை?"

"அது இல்ல தம்பி, நான் இன்னா சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். குத்துப்பாட்டும் சண்டையும் இருந்தா விடிய விடிய உக்காந்து பாப்பீங்க. உங்க கஷ்டத்த நாலு பேருக்குக் காட்டணும்னு எடுத்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். ரசனை கெட்ட ஜனம்!"

கடைசி வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

சொர்ணத்தின் முகம் சுருங்கிப் போனது. பின்னால் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். மீன் பேரத்தில் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிற கூட்டம், பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். மொதல்ல பாஸைக் குடு."

படியேறி வந்தவன் நாகராஜ், சொர்ணத்தின் புருஷன். சலவைச் சட்டை போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் படி முழுக்க ஆட்கள். கனகாம்பரம் வைத்த பெண்கள், தோளில் தூங்கும் குழந்தைகள். எல்லாமே ஷூட்டிங்கில் பார்த்துப் பழகிய முகங்கள். இவர்கள் எப்போது வந்தார்கள்?

சொர்ணம் இடுப்பில் செருகியிருந்த பாஸை எடுத்து நாகராஜிடம் கொடுத்தாள். வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாஸைக் கைமாற்றினார்கள். கூடவே அவசர அவசரமாகக் கிசுகிசுப்பு.

"புருஷங்காரன் கடலுக்குப் போயிட்டான் அண்ணி. இவ முழுகாம இருக்கா, அது அவனுக்குத் தெரியாது. சொல்றதுக்குள்ள புயலு."

"மாமியாக்காரி?"

"மொதல்ல கரிச்சுக் கொட்டுனா. இப்ப அவளும்தான் தேடுறா. சீக்கிரம் போ, போ!"

வந்தவர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் உள்ளே நுழைந்தார்கள். என்னவோ ஏதோவென்று வாசலுக்கு வந்திருந்த இராமதாஸ், ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிட்டார்.

இளம்பரிதி சொர்ணத்தின் பக்கம் திரும்பினான்.

"இன்னாக்கா இது?"

சொர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் கண் சிவந்து வீங்கியிருப்பதை அப்போதுதான் பார்த்தான். படத்துக்காக அழுதாளா, அவன் பேச்சுக்காக அழுதாளா என்று தெரியவில்லை. அதை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"ஊருக்குன்னு இன்னா வந்தாலும் எங்களுக்குப் பங்கு வெச்சுத்தான் பழக்கம். நீ குடுத்த பாஸ் பாதிப் பேருக்குத்தான் காணும். மொதப் பாதி நாங்க, அடுத்த பாதி அவங்கன்னு பேசிட்டுத்தான் வந்தோம். இடைவேளையில மாத்திக்கலாம்னு உக்காந்திருந்தா, நீ இடைவேளையே விடல. வெளிய நிக்கிறவங்க பாவம் இல்லியா? அதான் மனசே இல்லாம நடுவுல எழுந்து வந்துட்டோம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா!" என்றான் இளம்பரிதி. "எப்படியாவது இன்னும் கொஞ்சம் பாஸ் குடுத்திருப்பேனே!"

"எங்க வூட்டுக்காரரும் கேக்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன் தம்பி. பெரிய பெரிய ஆளுங்க வர்ற இடம். எங்களப் பாத்து இல்லேன்னு சொல்லணும்னா, உன் மனசு நோவும்ல?"