பதினேழாம் எண் ரத்தம்

காலை வெயில் ஆய்வகக் கண்ணாடி வழியே கணினித் திரையில் விழுந்து கூசுகிறது. ஆய்வாளர் கையால் மறைத்துக்கொண்டு மறுபடியும் படிக்கிறார். மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் அவர் மூன்று வருடம் தேடிப் பிடித்த மரபணுப் பிழை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்த்த நலமானவர்களின் ரத்த மாதிரிகளில் ஒன்றிலும் இருக்கிறது. எண் பதினேழு. ஆள் கிடைக்காத ஒரு நாளில் அவரே கொடுத்த ரத்தம் அது. வேறு யாருக்கும் தெரியாது. தாய் நலமாக இருந்தாலும், அவளிடம் அந்தப் பிழை இருந்தால் பிள்ளைக்கும் வரச் சரிபாதி வாய்ப்பு என்று அவரே எழுதியிருக்கிறார். இப்போது அவருக்கு ஐந்தாம் மாதம்.

"பதினேழு நம்மள நல்லா ஏமாத்திருச்சு மேடம்." உதவியாளர் பெண் கையுறையைக் கழற்றியபடி சிரிக்கிறாள். "குழாய் மாறியிருக்கும். தூக்கிடவா?"

குளிர்பெட்டி உறுமி அடங்குகிறது. வயிற்றுக்குள் ஏதோ மெல்லப் புரள்கிறது. குழாய் மாறியிருக்கலாம். மாறியிருக்க வேண்டும்.

"தூக்காதே. திரும்பப் போட்டுப் பார்ப்போம்."

"ரத்தம் தீர்ந்துபோச்சே மேடம். அந்த ஆளை எங்கன்னு போய்த் தேடறது?"

ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளை அங்கியின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுகிறார்.

"ஊசி எடுத்துட்டு வாம்மா."

அந்தப் பெண்ணின் பார்வை கையிலிருந்து மெல்ல வயிற்றுக்கு இறங்குகிறது.