கோலமாவுப் பாதை

“கோலமாவா? ரெண்டு லாரி போனா அழிஞ்சிருமே, சாமி,” என்கிறாள் கலைமணி. “போட்டோ எடுக்கற வரைக்கும் இருந்தாப் போதுங்க்கா. சைக்கிளுக்குத் தனியா வழி கேட்டு மனுக் குடுக்கோணுமில்லீங்க,” என்கிறாள் சைக்கிள் குழுவின் பிரவீனா. நாமக்கல் பரமத்தி சாலையோரத்தில், இளவெயிலில், குனிந்தபடியே அவள் வெள்ளைக் கோடு இழுத்துப் போகிறாள். கலைமணி, ஆடியில் லாரி மோதி இறந்த மகள் கனிஷ்காவின் பள்ளிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடக்கிறாள். டயர்களில் காற்று குறையவே இல்லை. வாராவாரம் அவளே அடித்து வைக்கிறாள். ஒரு லாரி உரசிக் கடக்க, மாவு எழும்பி அவள் புடவையில் படிகிறது. அவள் தட்டிவிடவில்லை. புளியமரத்தடி வந்ததும் நின்றுவிடுகிறாள். பிரவீனாவின் கை கோட்டின் நடுவே நிற்கிறது. “இங்கதான் உழுந்தா. இந்த எடத்துல மட்டும் இன்னொரு முழம் அகலமாப் போடு, சாமி.”