பாய்

“பாய்! டீ எங்கே?”

அனந்தகிருஷ்ணனின் அதட்டல் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனது. வளைகுடா நாட்டில் அந்த ஃபஹாஹீல் அலுவலகத்தில் பதினோரு வருடமாக டீ போடும் ராக்கப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு.

வியாழக்கிழமை, பள்ளி விடுமுறை. அனந்தகிருஷ்ணனுக்கு எதிரே அவர் மகள் ஹர்ஷினி ப்ராஜெக்ட் சார்ட்டை விரித்திருந்தாள். தலைப்பு: அமெரிக்காவின் கறுப்பு கௌபாய்கள்.

“நாலு பேர்ல ஒருத்தர் கறுப்பராம்பா! சினிமால காட்டவே இல்லையே?”

“காட்ட மாட்டான். போலீஸ் மாதிரி, கறுப்பு மார்ஷல்கள்கூட இருந்தாங்க. ஒருத்தருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்ட்டை யாராவது வாசிக்கக் கேட்டு, மனப்பாடம் பண்ணிட்டுப் போய் ஆளைப் பிடிப்பாராம்.”

“அப்புறம் ஏன் ‘பாய்’? எல்லாரும் பெரியவங்கதானே?”

அனந்தகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கறுப்பர்னா தலை நரைச்சாலும் வெள்ளைக்காரனுக்கு ‘பாய்’தான். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். என்ன திமிர் பாரு! இதைச் சிவப்பு மையில எழுது.”

கௌபாய் என்ற சொல் அப்படித்தான் பிறந்தது என்பதை அகராதிக்காரர்கள் ஒப்புவதில்லை. திமிரை ஒப்புகிறார்கள்.

ராக்கப்பன் வந்தார். சாருக்குச் சர்க்கரை இல்லாத டீ, பாப்பாவுக்கு ஏடு எடுத்த பால். யாரும் சொல்லாமலே.

ஹர்ஷினி அவருடைய நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு அப்பாவை.

“அப்பா... நீங்களும் இந்த அங்கிளை...”

அனந்தகிருஷ்ணனுக்குக் காது சுட்டது.

“அட, அது இங்கிலீஷ் பாய் இல்ல தாயி,” என்று சிரித்தார் ராக்கப்பன். “இந்தி பாய். டாக்ஸிக்காரரைக் கூப்பிடுறோம்ல, அது. அண்ணன்னு அர்த்தம்.”

“ஓ! ஸோ ஸ்வீட்பா!” ஹர்ஷினி சிவப்பு ஸ்கெட்ச் தேடி வெளியே ஓடினாள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

“ராக்கப்பன்... சட்டுனு எப்படித் தோணிச்சு உங்களுக்கு?”

அந்த அறையில் ராக்கப்பன் ‘உனக்கு’ போய் ‘உங்களுக்கு’ ஆனது அன்றுதான்.

“இப்பத் தோணுனது இல்லீங்க சார்.” ராக்கப்பன் தட்டைத் துடைத்தார். “முன்னாடி ஒரு தடவ ஊருக்குப் பேசிக்கிட்டு இருக்கையில நீங்க கூப்பிட்டது போன்ல கேட்ருச்சு. ‘உன்னைய ஏம்ப்பா பாய்ங்கிறாக?’ன்னு எம் மக கேட்டா. அவளுக்குச் சொன்னதுதான்.”