ஒரே வெள்ளைக்காரன்

“ஏம்மா, நீ ஊறுகாயை மட்டும் காட்டு. பேச்சை நான் பாத்துக்கிடுதேன்,” என்றார் வர்த்தகர் சங்கத் தலைவர் கோமதிசங்கர். “கானாவையும் நம்மளையும் ஆண்டது ஒரே வெள்ளைக்காரன். அவன் விட்டுட்டுப் போன இங்கிலீஷ், ரெண்டு நாட்டுக்கும் பொதுச்சொத்துல்லா!”

“சரி அண்ணாச்சி,” என்றாள் நிர்மலாதேவி. மேலகரத்தில் அவளும் பதினெட்டுப் பெண்களும் போடும் எலுமிச்சை ஊறுகாய் கானாவுக்குக் கப்பல் ஏறுமா என்பது இன்று தெரிந்துவிடும்.

குற்றாலம் ஓட்டலில், கானா தூதரக அதிகாரியின் முன்னால் அண்ணாச்சி கோட்டு சூட்டில் நாற்பது நிமிடம் முழங்கினார். நிர்மலாதேவிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஓரிடத்திலும் தடுமாறாத அந்தப் பேச்சில் அவளுக்குப் புல்லரித்தது. அதிகாரியும் கண்கொட்டாமல் கேட்டுவிட்டுக் கை வலிக்கத் தட்டினார்.

பிறகு அவள் ஒரு கரண்டி ஊறுகாயை நீட்டினாள். வாயில் போட்டவர் கண் கலங்கினார்; சிரித்தார்; இன்னொரு கரண்டி கேட்டார். அங்கேயே ஆர்டரில் கையெழுத்தும் போட்டார்.

“எல்லாம் உங்க இங்கிலீஷால வந்தது அண்ணாச்சி!” என்று கைகூப்பினாள் நிர்மலாதேவி.

அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குள் அதிகாரி, வரவேற்க வந்திருந்த கல்லூரிப் பேராசிரியை வித்யாலட்சுமியிடம் ஏதோ கேட்டார்.

“என்ன சொல்லுதாவ டீச்சர்?” என்றார் அண்ணாச்சி.

வித்யாலட்சுமி தயங்கினாள்.

“தமிழ் இவ்வளவு இனிமையான மொழின்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாம் அண்ணாச்சி. நீங்க பேசுனதை ஒருதடவை இங்கிலீஷ்ல சொல்ல முடியுமான்னு கேக்காவ.”