காற்று ஏறுகிறது

சிங்கப்பூரின் காத்தோங் பகுதியில், சாலையோர மரநிழலில் பிரிஜட் தன் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாள். தங்கை பெதானியின் கல்யாணப் பூசைக்குத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கப் போகிறவள். வழியில் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. அதைப் பார்த்துத் தன் சைக்கிளை நிறுத்திய திலீப் என்ற இளைஞன், கையடக்கமான மின்சாரப் பம்பை வால்வில் மாட்டியிருக்கிறான். அது வண்டுபோல இரைகிறது. குட்டித் திரையில் எண்கள் ஏற ஏற, சப்பையாகிக் கிடந்த டயர் மெல்ல உப்புகிறது.

“தாங்குமா தம்பி?”

“வால்வுதான் லூஸா இருந்துச்சுக்கா. டைட் பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாது லா.”

இரைச்சல் தானாக நிற்கிறது. இருவரும் குனிந்து காதுகொடுக்கிறார்கள். காற்று சீறும் சத்தமே இல்லை. பிரிஜட் கட்டைவிரலால் டயரை அழுத்துகிறாள், கல்லாக இருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கூடையில் ஃபோன் அடிக்கிறது.

“எங்கே இருக்கேக்கா?” பெதானியின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

“வந்துட்டேன்டி,” என்கிறாள் பிரிஜட், இன்னும் சைக்கிளில் ஏறாமலே.