ஹார்லன் வீட்டுச் சாமியாட்டம்

"உங்களுக்குள்ளே ஏதாவது அசைகிறதா, வாஞ்சி?" என்று கேட்டார் ஹார்லன்.

வாஞ்சிநாதனுக்கு வயிற்றைத் தவிர எதுவும் அசையவில்லை. சைவம் என்று சொன்ன பாவத்துக்கு வெறும் இலைதழையைத்தான் விருந்தாகப் போட்டிருந்தார்கள்.

எதிர்ச்சுவரில் அந்த முகமூடி. சின்ன மரமுகம், கன்னத்தில் கீறல்கள், உச்சியில் இரண்டு கொம்பு. ஐவரி கோஸ்ட்டில் செனுஃபோ என்கிற ஜனங்கள் செதுக்கியதாம். பெண்முகம்தான், ஆனால் செத்தவர்களை வழியனுப்ப ஆண்கள் கட்டிக்கொண்டு ஆடுவார்களாம். எல்லாம் ஹார்லன் சொன்னது. அவர் அந்தப் பக்கம் போனதில்லை. நியூயார்க்கில் ஏலத்தில் எடுத்தார்.

"நான் வெறும் அமெரிக்கன். என்னிடம் இது பேசாது. உங்களைப் போல வேர் உள்ளவர்களிடம்தான் பேசும்."

வாஞ்சிநாதனுக்குச் சுருக்கென்றது. ஆப்பிரிக்கா எங்கே, கும்பகோணம் எங்கே? அதைச் சொல்ல வாயைத் திறந்தவரை, சோபாவில் பக்கத்திலிருந்த மனைவி அனந்தலக்ஷ்மி தொடையில் கிள்ளினாள்.

கிரீன் கார்டுக்குக் கம்பெனி தர வேண்டிய கடிதம் போன தீபாவளியிலிருந்து மேலதிகாரியான இந்த ஹார்லன் மேஜையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. எண்பத்துநாலாம் வருஷத் தீபாவளிக்குள் விசா முடிந்துவிடும். அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஏன்னா, அசையறதுன்னு சொல்லித் தொலைங்கோளேன்!"

சொன்னால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள். வாஞ்சிநாதன் ஆடியே விட்டார்.

கும்பகோணத்தில் மாரியம்மன் ஊர்வலம் தெருவில் வந்தால் அப்பா ஜன்னலைச் சாத்திவிடுவார். சாத்துகிற இடுக்கில் பார்த்த சாமியாட்டம்தான் வாஞ்சிநாதனின் மொத்தச் சரக்கு. டையைத் தளர்த்தினார். தோளைக் குலுக்கினார். "உய்ய்" என்றார். சாமி என்றால் நாலு வார்த்தை பேச வேண்டாமா? பயத்தில் வாயில் வந்தது வாய்ப்பாடு.

"பதினாறொண்ணு பதினாறு! பதினாறு ரெண்டு முப்பத்திரெண்டு!"

ஹார்லன் எழுந்து நின்றுவிட்டார். அவர் மனைவி மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். பாவம், வெலவெலத்துப் போய்விட்டாள்.

"முகமூடி என்ன சொல்கிறது?" என்று கிசுகிசுத்தார் ஹார்லன்.

கேட்டது அனந்தலக்ஷ்மியை. சாமி வந்தால் அர்த்தம் சொல்லவும் ஒரு ஆள் வேண்டுமே.

"எண்ணுகிறது" என்றாள் ஆங்கிலத்தில்.

"எதை?"

"காக்க வைக்கப்பட்டவர்களை."

ஹார்லனின் ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. வாஞ்சிநாதன் அதற்குள் அறுபத்துநாலுக்குப் போயிருந்தார்.

"திங்கட்கிழமை" என்றார் ஹார்லன், சுவரைப் பார்த்து, கைகூப்பாத குறையாக. "முதல் வேலையாகக் கையெழுத்து. சத்தியம்."

சாமி மலையேறிற்று. குடிக்கத் தண்ணீர் கேட்டது.

கிளம்பும்போது ஹார்லன் தோளில் கைபோட்டு வாஞ்சிநாதனைக் கார் வரைக்கும் கூட்டிப் போனார். வாசலில் கோட்டை எடுத்து நீட்டிய மார்த்தாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. அனந்தலக்ஷ்மிக்கு மனசு கேட்கவில்லை. பயப்படாதீர்கள் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"எனக்கென்ன தாயி பயம்?" என்றாள் மார்த்தா.

தமிழில். அதுவும் மதுரைத் தமிழில்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உசிலம்பட்டியில கணக்கு டீச்சரா இருந்தேன். இந்தியாவுல இருந்தேன்னு இவருக்குத் தெரியும். அங்க என்ன பேசினேன்னு இதுவரைக்கும் கேட்டதில்ல."

அனந்தலக்ஷ்மியின் கை கோட்டுக்குள் பாதியில் நின்றுவிட்டது. கடிதம் போயிற்று, விசா போயிற்று, எல்லாம் போயிற்று.

மார்த்தா கார்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கையெழுத்தை நான் போட வச்சிர்றேன். ஆனா அடுத்த தடவை நாக்கைத் துருத்தி, கண்ணைச் செருகி ஆடச் சொல்லு. நம்ம ஊருச் சாமி இம்புட்டு மொண்ணையாவா ஆடும்?"